அம்புக்குறி இல்லாமல்

"இஞ்சருங்கோ, உந்தக் காட்டுக்குள்ளை எவ்வளவு நேரம் சுத்தப் போறியள்? போற இடத்தைக் காட்டிற அம்புக்குறியைப் போட்டு விடுங்கோவன்," என்றாள் துஷ்யந்தி.

கணினித் திரையில் வாளும் கையுமாக அலைந்துகொண்டிருந்த கணவன் நிருஷன் திரும்பவே இல்லை.

"அம்புக்குறிக்குப் பின்னாலை போறதெண்டால் நான் ஏன் விளையாட வேணும்? வழியை நானே கண்டுபிடிக்க வேணும். உம்மையும் அப்பிடித்தானே கண்டுபிடிச்சனான்."

துஷ்யந்திக்கு முகம் வாடியது. அவன் கவனிக்காமல் தொடர்ந்தான்.

"கலியாணம் பேச அம்மா கொண்டுவந்த சாதகம் ஒண்டையும் நான் தொட்டும் பாக்கேல்லை. வேலையாலை வரேக்கை, புத்தூர்ச் சந்தியிலை நீர் பழுதான ஸ்கூட்டியோடை நிண்டீர். பிளக் வயர் கழண்டு கிடந்தது. கொழுவி விட்டன். ஆரும் எனக்குக் காட்டித் தந்தவையே?"

"இல்லை," என்றாள். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும்.

"இஞ்சருங்கோ, அண்டைக்கு..."

"கண்டுபிடிச்சிட்டன்!" திரையில் குகை வாசல் தெரிந்தது. சின்னப் பிள்ளையைப் போலத் துள்ளினான்.

துஷ்யந்தி எழுந்து குசினிக்குள் போனாள். மாமியார் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"மாமி, அவருக்குச் சொல்லுவமே? பாக்கப் பாக்க மனம் குத்துது."

"விசரே பிள்ளை உனக்கு? சாதகம் பொருந்தின கையோடை உன்னை அந்தச் சந்தியிலை கொண்டுபோய் விட்டதும் நான், வயரைக் கழட்டினதும் நான். நீ ஏன் கவலைப்படுறாய்?"

மாமி கோப்பையை நீட்டினார்.

"இந்தா, கொண்டுபோய்க் குடு. பாவம், வழி தேடிக் களைச்சுப் போயிருப்பான்."