நடை ஒத்திகை

"என்னலே, பந்திக்குப் போறவன் மாதிரி விறுவிறுன்னு நடக்கே? தட்டுத் தடுமாறி நடலே."

சங்கிலிப்பாண்டி இப்படிச் சொல்வது அன்று காலையில் எட்டாவது முறை. பேச்சிராஜ் குற்றாலத்து லாட்ஜ் அறையின் ஜன்னலருகே போய் நின்று, வாசல் வரைக்கும் மறுபடி நடந்தான். இந்தத் தடவையும் பட்டாளத்துக்காரனைப் போல நேராக, நிமிர்ந்துதான் நடந்தான். சங்கிலிப்பாண்டி தலையில் அடித்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். ஆசிய மாற்றுத்திறனாளிகள் விளையாட்டுப் போட்டிக்குப் போன இந்திய அணியில் தென்காசிக்கும் ஓர் இடம் கிடைத்திருந்தது. பார்வையற்றோர் நீளம் தாண்டுதலில் வெண்கலப் பதக்கமும் வந்தது. அதற்குப் பிறகு எட்டு மாதம் ஊரில் யாரும் மூச்சு விடவில்லை. சாரலுக்குக் குற்றாலம் வந்து அருவியில் குளிக்கலாம் என்று ஓர் அமைச்சருக்கு ஆசை வந்த பிறகுதான், வருகிற கையோடு ஒரு பாராட்டு விழாவையும் முடித்துவிடலாம் என்று எல்லோருக்கும் தோன்றியது. விழாக் குழுத் தலைவர் பதவியைச் சங்கிலிப்பாண்டி தானாகவே எடுத்துக்கொண்டார். தென்காசி முழுக்க வைத்திருந்த பேனர்களில் அவர் படம் அமைச்சர் படத்துக்குச் சமமாக இருந்தது. பதக்கத்துக்குத்தான் இடம் போதவில்லை.

பதினோரு மணிக்கு விழா. அமைச்சர் கையில் அரசு வேலைக்கான உத்தரவு இருக்கும். மேடையேறி அதை வாங்கப் போகிறவன் பேச்சிராஜ். டைல்ஸ் குடோனில் பெட்டி தூக்கிப் பிழைக்கிறவன். மனைவி சத்யபிரியாவுக்கு இது ஏழாம் மாதம். அந்த ஒரு தாள் கைக்கு வந்துவிட்டால் அவர்கள் பாடு தீர்ந்துவிடும்.

இடைஞ்சல் நேற்று மாலை வந்தது. ஏற்பாடுகளைப் பார்க்க வந்த ஓர் அதிகாரி, இரண்டு நாளாக அந்த லாட்ஜில் தங்கியிருந்த பேச்சிராஜ் கைப்பிடியைத் தொடாமல் மாடிப்படி ஏறிப் போவதைப் பார்த்துவிட்டார். இவனுக்கா கண் தெரியாது, யாரிடம் காது குத்துகிறீர்கள் என்று கேட்டார். சான்றிதழை எடுத்து நீட்டியதற்கு, அதை எவன் வேண்டுமானாலும் வாங்குவான் என்றார். மேடையில் அமைச்சருக்கும் இதே சந்தேகம் வந்தால் உத்தரவு வந்த வழியே திரும்பிப் போய்விடும் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அதனால்தான் இந்த ஒத்திகை. கடை திறந்ததும் ஒரு கறுப்புக் கண்ணாடியும் ஒரு வெள்ளைத் தடியும் வாங்கி வந்துவிட்டார்கள்.

"எனக்கு வெக்கமா இருக்கு அண்ணாச்சி," என்றான் பேச்சிராஜ். "எப்பவும் போல வந்து வாங்கிக்கிடுதேனே."

"எப்பவும் போல வந்தா வேலை கெடைக்காதுலே. பாக்கவங்களுக்கு அய்யோ பாவம்னு இருக்கணும். ஒன்னைப் பாத்தா எவனுக்குலே அழுகை வரும்?"

குழுச் செயலாளர் ஆவுடைநாயகம் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர். சர்வீஸில் இருக்கும்போது இப்படி நடித்தவர்களைப் பிடித்து உள்ளே வைத்திருப்பதாகவும், இப்போது அதற்கே துணை போவதாகவும் முணுமுணுத்தார். ஊர் மானம் முக்கியமா, உம்முடைய சர்வீஸ் முக்கியமா என்று சங்கிலிப்பாண்டி அவர் வாயை அடைத்தார்.

பாடம் தொடர்ந்தது. மேடையில் சிரிக்கக் கூடாது. சவரம் கூடாது. அமைச்சர் உத்தரவை நீட்டும்போது கையை ஒரு சாண் தள்ளி நீட்டித் துழாவ வேண்டும். அப்போது சங்கிலிப்பாண்டி பாய்ந்து வந்து அந்தக் கையைப் பிடித்துச் சரியான இடத்தில் வைப்பார். மறுநாள் பேப்பரில் வர வேண்டிய படம் அதுதான்.

ஆவுடைநாயகத்தை அமைச்சராக்கி ஒரு முறை செய்து பார்த்தார்கள். அவர் பழைய பேப்பரைச் சரசரவென்று மடித்து, வாழ்த்துகள் என்று சொல்லி நீட்டினார். பேச்சிராஜ் ஒரே எட்டில் அதை வாங்கிக்கொண்டு நன்றியும் சொல்லிவிட்டான். சங்கிலிப்பாண்டி பாய்ந்து வருவதற்கு வேலையே இல்லாமல் போயிற்று.

"இங்கன பாருலே, கண்ணு தெரியாதவன் எப்படி நடப்பான்னு," என்று சொல்லிவிட்டு அவரே மறுபடியும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தடியை எடுத்துக்கொண்டு வராந்தாவில் இறங்கினார். முகத்தை மேலே தூக்கி, கையைக் காற்றில் துழாவி, இரண்டு இடத்தில் தடுக்கியும் விழப் பார்த்தார். நன்றாகவே செய்தார். அருவிக்குப் போய்விட்டு ஈரத் தலையோடு வந்த ஓர் அம்மாள் பதறிப்போய், மெதுவாக வாங்க ஐயா என்று அவர் கையைப் பிடித்து அறை வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள்.

"பாத்தியாலே, அந்தம்மாவே நம்பிட்டு," என்றார் பெருமையாக.

"அவங்க பேசுனது கேட்டுச்சு அண்ணாச்சி."

"அப்ப அதே மாதிரி நட."

பேச்சிராஜ் நடந்தான். அதே நிமிர்ந்த நடை. கட்டிலை விட்டு விலகி, நாற்காலியைச் சுற்றி, வாசலில் வந்து அளவாக நின்றான். மணி பத்தரை ஆகிவிட்டது. கீழே கார் வந்து ஹாரன் அடித்தது. சங்கிலிப்பாண்டிக்குப் பொறுமை போய்விட்டது.

"காலையில இருந்து பத்து தடவை நடந்து காமிச்சிட்டேன். அப்படியே செய்யுததுக்கு ஒனக்கு என்னலே கேடு? வேலை வேணுமா, வேண்டாமா?"

"வேணும் அண்ணாச்சி," என்றான் பேச்சிராஜ். "பதக்கம் வாங்க மேடையேறுனப்பவும் நான் இப்படித்தான் நடந்தேன். நீங்க பத்து தடவை நடந்து காமிச்சீங்க, சரி. பொறந்ததுல இருந்தே கண்ணு தெரியாத எனக்கு அது எப்படித் தெரியும்?"