இடைவேளை

அந்த விண்கல டிவி தொடர் எந்த வீட்டில் ஓடினாலும், கேப்டனுக்கு அந்த வீட்டில் இறந்துபோனவரின் முகத்தைக் கணினி பொருத்திவிடும். கோமளவல்லியின் வீட்டில் மகன் பரிதி வருவான்.

தொடரைத் திரைப்படமாக்கியபோது ஊருக்கெல்லாம் பொதுவாக ஒரு முகம் வேண்டியிருந்தது. தொடரை எடுத்த நிறுவனம் பரிதியின் முகத்தைத் தேர்ந்தெடுத்தது. தியேட்டரில் அவன் வந்ததும் விசில் பறந்தது.

இடைவேளையில் வெளியே போன கணவர் சற்குணம் வெறுங்கையோடு திரும்பினார்.

"கிளம்பு கோமளா. கிளைமாக்ஸ்ல கேப்டனைச் சாகடிச்சிடுறாங்களாம். வெளியில பேசிக்கிறாங்க."

"தெரியுங்க."

"தெரிஞ்சுமா வந்தே?"

"அன்னிக்கு ஐசியூவுக்குள்ள என்னை விடலையே. இன்னிக்காவது அவன் பக்கத்துல இருக்கேன்."

சற்குணம் மெல்ல உட்கார்ந்தார். பின்வரிசையில் ஒருவன், "சீக்கிரம் படத்தைப் போடுங்கப்பா!" என்று கத்தினான்.