துளைக்கு அந்தப் பக்கம்

வரப்புக்குள் இருந்த எலி வளைகளை ஒரு மெல்லிய துளை இணைத்தது. குட்டி எலிகள் அதில் வாய்வைத்து, முகம் தெரியாதவர்களோடு விடுகதை விளையாடும்.

"எல்லாரும் விளையாடுறாங்க. நான் மட்டும் கூடாதாம்மா?" என்று மின்னி தினமும் கேட்டாள். அவள் அம்மா செவந்திக்குப் பயம். தடுத்தால் பிள்ளை தனித்துப்போவாள். விட்டால், அந்தப் பக்கம் இருப்பது யாரோ.

"முதல்ல நான் கேட்டுப் பாக்குறேன்" என்று துளையருகே போனாள் செவந்தி.

அவள் மூச்சுச் சத்தம் கேட்டதும் இனிமையான குரல் ஒன்று வந்தது. "மின்னியா? நேத்து பாதியிலேயே போயிட்டியே."

செவந்தி மகளைத் திரும்பிப் பார்த்தாள். மின்னி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நெல் பொறுக்க உங்கம்மா கிளம்பியாச்சா?" என்றது குரல்.

செவந்தி சட்டென்று துளையிலிருந்து விலகினாள். "நேத்து என்னடி கேட்டுச்சு?" என்று மகளிடம் கிசுகிசுத்தாள்.

"நம்ம வாசல் எந்தப் பக்கம்னு. சொல்லிட்டேம்மா."

துளைக்கு அந்தப் பக்கம் குரல் நின்றுபோயிருந்தது.

செவந்தி மகளை இழுத்துக்கொண்டு பின்வழியாக ஓடினாள். எதிர் வரப்பில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது, அவர்கள் வீட்டு வாசலுக்குள் ஒரு பாம்பின் வால் மெல்ல நுழைந்துகொண்டிருந்தது.