முதுகு சொறிந்தால் ஓடும் குதிரை

“சொறி மச்சான், நிறுத்தாத!” என்று டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கத்தினார் லிஃப்ட் மெக்கானிக்.

அவர் மனைவியின் தம்பி வலது கையால் தன் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தான். அரிப்பு எதுவும் இல்லை.

எப்போதோ ஒரு முறை மெக்கானிக் பணம் கட்டிய குதிரை ஜெயித்தபோது, அவன் தற்செயலாக முதுகைச் சொறிந்துகொண்டிருந்தான். மனைவி நீலச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆகவே இன்றும் அதே முதுகு, அதே சட்டை. சட்டை அட்டை மாதிரி விறைத்துப்போயிருந்தது.

இருவரும் இதையே செய்தும் குதிரை தோற்ற நாட்கள் ஏராளம். அதெல்லாம் கணக்கில் வராது. அன்று மச்சான் இடது கையால் சொறிந்திருப்பான், அல்லது நடுவில் தும்மியிருப்பான்.

வேலையில் மெக்கானிக் இப்படி இல்லை. கரண்ட் இல்லை என்று கடவுளே வந்து சொன்னாலும், டெஸ்டரை வைத்துப் பார்க்காமல் கம்பியைத் தொடமாட்டார்.

பந்தயக் கடைக்கு மட்டும் அவர் போவதில்லை. மச்சானுக்குத்தான் கைராசி. பணத்தை அவனிடம் கொடுத்துக் கட்டச் சொல்வார். இன்று கொடுத்தது முழுச் சம்பளம்.

அக்காவும் தம்பியும் வழக்கமாக அடுப்படிக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

இன்று ஏழாம் எண் குதிரை கடைசி வளைவில் எல்லாவற்றையும் முந்தியது.

மெக்கானிக் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். “விடாத! தேய்! சொறி!”

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

அவள் மெதுவாக இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினாள். தம்பியின் கை முதுகிலிருந்து இறங்கியது.

எங்கிருந்தோ ஒரு வெள்ளைக் குதிரை வந்தது. ஏழாம் எண் ஒரு மூக்கு நீளத்தில் தோற்றது.

மெக்கானிக் திரும்பிப் பார்த்தார். அந்தரத்தில் நின்ற பெட்டியையும் தொங்கிய கையையும் பார்த்தார்.

“என்னைக் கெடுக்க வெளியாள் யாரும் வேணாம்டா. வீட்டுலயே இருக்கீங்க,” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டார்.

அடுப்படியில் தம்பி மடமடவென்று தண்ணீர் குடித்தான்.

“அது ஜெயிச்சிருந்தா மாமாவுக்கு எங்கேர்ந்துக்கா எடுத்துக் குடுத்திருப்போம்?”

ஒரு வருஷமாக அவர் கொடுத்ததில் ஒரு காசுகூடப் பந்தயக் கடைக்குப் போகவில்லை. அத்தனையும் மகளின் காலேஜ் ஃபீஸ். முன்பு ஜெயித்த அந்த ஒரு குதிரையின் பரிசுப் பணத்தைக் கொடுக்கவே அக்காவின் வளையல் போய்விட்டது.

“நல்லவேளை, சரியான நேரத்துல கைய எடுத்தேன்,” என்றான் தம்பி.

அக்காவுக்குக் கோபம் வந்தது.

“நீ எடுத்தது அப்புறம்டா. நான் பெட்டியத் தூக்கினதும்தான் அது பின்வாங்குச்சு!”