பக்கத்து வகுப்பு

தபஸ்ஸும் மிஸ்ஸின் வகுப்பில் மறுபடியும் கதை நேரம். பிள்ளைகள் சிரிக்கிற சத்தத்தில், பக்கத்து வகுப்பில் வத்ஸலா மிஸ் அழுத்திய சாக்பீஸ் இரண்டாக உடைந்தது.

இடைவேளையில் அவள் நேராக ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்குப் போனாள்.

"ஒண்ணாங்கிளாஸ்ல டிக்டேஷன் கிடையாது, டேபிள்ஸ் கிடையாது மேடம். தினமும் கதை புக்குதான். வீல்சேர்ல போற பொண்ணு, அப்பா இல்லாத பையன், ரம்ஜான் கொண்டாடற வீடுன்னு படிச்சிட்டு, 'உனக்கு எப்போ அழுகை வரும்'னு பசங்களைக் கேக்கறாங்க."

"நல்லதுதானே. அடிச்சிக்கற பசங்க இப்போ அவங்களே சாரி சொல்லிக்கறாங்க."

"எல்லாம் அவங்க துப்பட்டாவையே புடிச்சிட்டுத் திரியுதுங்க. அதுவும் ரக்ஷா, சாயங்காலம் பெல் அடிச்சாலும் அவங்களை விட்டு வரமாட்டேங்கறா."

"உங்களுக்குப் பொறாமை வத்ஸலா. பேரண்ட்ஸ் யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணலையே."

"ஏன், நான் பேரண்ட் இல்லையா? ரக்ஷா என் பொண்ணு இல்லையா?"

ஹெட்மிஸ்ட்ரஸ் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "எப்போ அழுகை வரும்னு நேத்து கேட்டதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா? 'எங்கம்மா பக்கத்து கிளாஸ்லதான் இருக்காங்க. ஆனா ஸ்கூல்ல அம்மான்னு கூப்பிடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. அப்போ வரும்'னாளாம்."

வத்ஸலா வெளியே வந்தாள். வராந்தாவில் தோழிகளோடு ஓடி வந்துகொண்டிருந்த ரக்ஷா அவளைப் பார்த்ததும் சட்டென்று நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"குட் மார்னிங், மிஸ்."