அக்காவின் சாட்சி

நீதிபதி தீர்ப்பை வாசித்து முடிக்கிறார். கொலை மிரட்டல் நிரூபணமாகிவிட்டது, இரண்டு வருடச் சிறை. தலைக்கு மேல் மின்விசிறி முனகிக்கொண்டே சுற்றுகிறது. தன்னை விவாகரத்து செய்தவள் இன்னொருவனோடு சிரித்துப் பேசியது பொறுக்காமல், அவள் வேலை பார்க்கும் தையல் கடைக்குள் புகுந்து கத்தரிக்கோலை அவள் கழுத்தில் வைத்தவன், இப்போது கூண்டுக்குள் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நிற்கிறான். கடை அவனுடைய அக்காவினுடையது. கண்ணால் கண்டதை மறைக்காமல் சாட்சி சொன்னவளும் அவள்தான். தாயில்லாத அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். சன்னல் வெயில் அவள் மடியில் விழுந்தும் விரல்கள் சில்லென்று கிடக்கின்றன. பின்வரிசையில் அவனுடைய முன்னாள் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். காவலர் அவனை அழைத்துப் போகையில் அக்காவின் அருகே கால் தயங்குகிறது. “பாக்கலேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமேக்கா.” “சொல்லியிருந்தா அவளை உயிரோட விட்டிருப்பியாடா?” அவன் கோபப்படவில்லை. பசிக்குச் சோறு கேட்கும் பிள்ளையின் அதே குரலில், “வெளிய வந்து அவளப் பாத்துக்கறேன்க்கா” என்கிறான். கைவிலங்கின் ஓசை தாழ்வாரத்தில் தேய்ந்து மறைகிறது. அக்காவுக்கு அவனைத் தெரியும். தன்னிடம் சொன்ன எதையும் அவன் செய்யாமல் விட்டதில்லை.