வாழைத்தார் சுமக்கிறவர்

உறையூர்க் கலைக்கூடத்தில் உள்ளூர் ஓவியர்களின் கண்காட்சி. வாழைத்தார் சுமக்கும் ஒருவரின் படத்துக்கு முன்னால் நஜீமா உறைந்துபோய் நின்றாள்.

"பிடிச்சிருக்காக்கா?" என்றாள் அதை வரைந்த ஜோதி.

"இவரை எங்கே பார்த்தேம்மா?"

"சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துலக்கா. பொங்கலுக்கு முன்னாடியிலேருந்து லாரியில தார் இறக்குறாரு. போன வாரம்தான் வரைஞ்சேன். தெரிஞ்சவரா?"

நஜீமா அவசரமாக வெளியே வந்து, துபாய்க்கு வேலைக்குப் போயிருந்த கணவன் கலீமுக்குப் போன் போட்டாள்.

"எப்படி இருக்கீங்க மச்சான்?"

"நல்லா இருக்கேன் நஜீமா. துபாய் வெயில்தான் தாங்கல."

"சத்திரத்துலயும் வெயில்தான் மச்சான்."

"நஜீமா, அது வந்து..." என்றான் கலீம்.

"வேலை போனா போகட்டும்," என்றாள், அழுகையை அடக்கியபடி. "வீட்டுக்கு வாங்க."